வாடை வந்தா நிப்பாட்டுவோம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரி வடிவம்மாள் சொல்லுவாள். அது மூக்கில் இருந்திருந்தாலாவது ஜெனிஷ் என்கிற பயல் சொன்னது எனக்கு விளங்கியிருக்கும். என் கோபம் காதில் இருந்தது. யார் என்ன சொல்ல வந்தாலும் பாதியிலேயே அடைத்துக்கொள்ளும்.

என் பெயர் கொம்பையா. வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில் பட்டறை. லாரி, ஜீப், டிராக்டர் என்று இருபத்திரண்டு வருஷமாகக் கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கியிருக்கிறேன். வேலையில் என்னைக் குறை சொல்லத் திருநெல்வேலியில் ஆள் கிடையாது. வாயைத்தான் குறை சொல்லுவார்கள். வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவன் இன்ன கோளாறு என்று ஆரம்பித்தால், அதைக் கண்டுபிடிக்கத்தானே நான் இருக்கிறேன், நீ போய் டீ குடி என்று விரட்டிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இப்போது சொல்லவே கூசுகிறது.

தொண்ணூற்றைந்தில் பர்னபாஸ் அண்ணாச்சி முதன்முதலாக அந்த ஜோங்காவைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஜோங்கா என்றால் மிலிட்டரிக்காரர்கள் ஓட்டுகிற பெரிய ஜீப். ஏலத்தில் விட்டால் நம் ஆட்கள் எடுத்துவந்து ஓட்டுவார்கள். இவர் எடுத்த வண்டியில் யாரோ ஒரு புண்ணியவான் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, டர்போ வைத்த லாரி டீசல் எஞ்சினை மாட்டியிருந்தான். வேலை சுத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எஞ்சினை மாற்றியவன் கிளட்சை மாற்றவில்லை. எஞ்சின் இரண்டு பங்கு முறுக்குகிறது. அந்த முறுக்கைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுக்கவேண்டிய கிளட்ச் பழைய எஞ்சினுக்கு அளவெடுத்தது. பாரம் ஏறினால் பிடிக்காமல் நழுவும். எஞ்சின் கத்தும், வண்டி நிற்கும், உள்ளே பிளேட் தேய்ந்து கருகும்.

பர்னபாஸுக்குக் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். அங்கே ஜோங்காவுக்கு என்ன வேலை என்றால், கடலிலிருந்து வருகிற வள்ளங்களைக் கரையேற்றுவது. முன்பெல்லாம் முப்பது நாற்பது பேர் சேர்ந்து தோள் கொடுத்து இழுத்தார்கள். இப்போது வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஒரு இரும்பு வளையம். அதில் கொக்கி. கொக்கியிலிருந்து நீளமான நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை கோயில் ரோட்டில் நிற்கிற ஜோங்காவின் பின்னால். டயர் சுற்றாமல் இருக்க வண்டியில் கல் ஏற்றி வைத்திருப்பார்கள். ஊரிலிருக்கிற எல்லா வள்ளத்துக்கும் அந்த வளையத்தை அடித்துக் கொடுத்தவர் பர்னபாஸ்தான்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஒரு ஆனி மாதம் கச்சான் காற்றில் கடலுக்குப் போனவன், வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் மனைவி லூர்து மேரி மாதா கோயிலில் முழங்காலில் நின்று, இளையவன் ஜெனிஷ் இனிமேல் வள்ளத்தில் கால் வைக்கமாட்டான் என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்தாயிற்று. கடல் தொழிலைத் தவிர ஒன்றும் தெரியாத இருபத்துநாலு வயசுப் பயலுக்குக் கரையில் என்ன வேலை இருக்கிறது? அதற்காகத்தான் அந்த ஜோங்கா. வண்டி இழுத்தால் அவன் கரையில் இருப்பான். வண்டி படுத்தால் பழையபடி வள்ளத்தில் ஏறவேண்டியதுதான். முதல் நாளே பர்னபாஸ் என்னிடம் இதைச் சொல்லிவிட்டார்.

"இது வண்டி இல்ல அண்ணாச்சி. எம் மவனக் கரையில கட்டிப் போட்டிருக்க கயிறு."

அந்தக் கயிறு ஒரு வருஷத்தில் மூன்று தடவை அறுந்து என் பட்டறைக்கு வந்தது. மூன்று தடவையும் பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்து மாட்டிக் கொடுத்தேன். மூன்று தடவையும் நாலு மாசம் தாண்டவில்லை. எதிரே டீக்கடையும் எஸ்டிடி பூத்தும் வைத்திருக்கிற கிருபைராஜ், ஜோங்கா ரோட்டில் திரும்புவதைப் பார்த்ததுமே, "கொம்பையா, உம்ம மருமவன் மறுவீட்டுக்கு வந்துட்டான்வே, எலைய போடும்" என்று கத்துவான். டீக்கடையே சிரிக்கும். என் கைபட்ட வண்டி திரும்பி வருகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் எரியும்.

தொண்ணூற்றாறு ஆடியில் நாலாவது தடவையாக வந்தது. இந்தத் தடவை பர்னபாஸ் வரவில்லை, ஜெனிஷ் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தான். நெட்டையான பயல். பேச்சு குறைவு. எதைச் சொல்வதென்றாலும் "ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, அனுமதி கிடைத்தபிறகும் கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பான். எனக்கு அந்த இழுவை ஆகாது. ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்களாம்: இன்னொரு தடவை ஜோங்கா படுத்தால் ராதாபுரத்திலிருந்து டிராக்டர் பேசி வைத்துவிடுவோம், உன் வண்டி வேண்டாம் என்று. அதை அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். அவன் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னான்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இந்தத் தடவை மாட்டுகிற கிளட்ச் என் ஆயுசுக்கும் திரும்பி வரக்கூடாது என்று முடிவு செய்தேன். எத்தனை மாசம் தாங்கவேண்டும் என்று கணக்குப் போடுவதற்காக அவனைக் கேட்டேன், வருஷம் முழுக்க இழுப்பீர்களா என்று. அவன் கச்சான் காற்றைப் பற்றிச் சொன்னான். அந்தக் காற்று அடிக்கிற மாசங்களில் அலை பெரிசாக வரும், நனைந்த வள்ளம் மணலில் போய்ப் புதையும், அப்போதுதான் வண்டிக்குப் பாடு அதிகம் என்றான்.

"அப்ப எப்பலே நிப்பாட்டுவிய?"

"வாடை வந்தா நிப்பாட்டிருவோம் அண்ணாச்சி."

கடற்கரைக்காரன் வாயைத் திறந்தால் காற்றுதான். கச்சான் என்பான், கொண்டல் என்பான், வாடை என்பான். வாடைக்காற்று ஐப்பசி பிறந்தால் வரும். ஆக ஐப்பசி வரைக்கும் தினமும் இழுவை, அப்புறம் ஓய்வு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவன் மேலும் ஏதோ, "வாடை வந்தா அப்பா பின்னால…" என்று தொடங்கினான். சரிலே, விளங்கிவிட்டது, போய் டீ குடி என்று அனுப்பிவிட்டேன்.

அன்று மத்தியானமே மேலப்பாளையம் போனேன். அங்கே தாஜ் முகம்மது லேத் வைத்திருக்கிறார். என் வயசுதான். நான் கத்துகிற அளவுக்கு அவர் மெதுவாகப் பேசுவார், அதனாலேயே எங்களுக்குள் பொருத்தம். இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று வழி யோசித்தோம். பழைய பிளேட்டுக்கே செம்புக் கம்பி கலந்த கெட்டி லைனிங் அடிக்கலாம். அது முன்பைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனால் நழுவத்தான் செய்யும். இல்லை, பிளேட்டை அமுக்கிப் பிடிக்கிற கவரில் கனமான ஸ்பிரிங் போட்டு, வழக்கமான லைனிங்கையே வைத்துக்கொள்ளலாம். நன்றாகப் பிடிக்கும், பாரம் மிஞ்சினால் மட்டும் நழுவும். மூன்றாவது, பட்டன் பிளேட். அதில் லைனிங்கே கிடையாது. சுற்றிலும் சில்லுக் கருப்பட்டி அளவில் ஆறு செராமிக் கட்டிகள். பெரிய லாரியின் கவரோடு சேர்த்து மாட்டினால் பிடித்த பிடி விடாது. நழுவல் என்கிற பேச்சே இல்லை.

தாஜ் இரண்டாவதுதான் நல்லது என்றார். நான் மூன்றாவதுதான் வேண்டும் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"கிளட்சு நழுவுனா தேயும், அவ்வளவுதான்வே. நழுவ வேண்டிய எடத்துல நழுவலன்னா, அந்த வேகம் வேற எங்கனயாவது போயி ஒடைக்கும்."

எங்கே உடைக்கும் என்று கேட்டேன். அதை இங்கே உட்கார்ந்து எப்படிச் சொல்வது, அவர்கள் எப்படி இழுக்கிறார்கள் என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருமேன் என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. கடலை நான் பார்த்ததே திருச்செந்தூரில் மொட்டை போட்டபோதுதான். என் பட்டறைக்கு வந்த வண்டியைப் புரிந்துகொள்ள நான் ஐம்பது மைல் போய் மணலில் நிற்க வேண்டுமா? மிலிட்டரி வண்டி வே, ஆக்ஸில் பனைமரம் மாதிரி இருக்கிறது, ஒன்றும் உடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து ஆக்ஸிலைப் பார்த்தேன். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பார்த்தேன், அதன் குறுக்கு மூட்டைப் பார்த்தேன், கியர்பாக்ஸ் பற்களைப் பார்த்தேன். வண்டிக்குள் இருக்கிறதையெல்லாம் பார்த்தேன். வண்டிக்கு வெளியே இருக்கிறதைப் பார்க்கவில்லை.

பட்டன் பிளேட்டும் கவரும் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் லாரியில் வந்து சேர நாலு நாள் ஆனது. அதுவரை ஜெனிஷ் ஊருக்குப் போகவில்லை. அத்தை வீடு பாளையங்கோட்டையில் இருந்தது. காலையில் வந்து சாயங்காலம் போவான். கியர்பாக்ஸை இறக்கும்போது ஒரு பக்கம் தாங்கினான். பழைய பிளேட் வெளியே வந்ததும் அதைக் கையில் வாங்கி, கருவாடு வாங்குகிறவன் மாதிரி மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்துச் சிரித்தான். என்னலே சிரிப்பு என்றேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான். அந்த ஒரு இடத்தில் நான் வேலையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். தூக்கிக் குப்பையில் போடு என்றேன்.

எஞ்சின் முனையில் கிளட்ச் உட்காருகிற சக்கரம், அந்தப் பிளைவீலைக் கழற்றி தாஜிடம் கொடுத்து, கறுத்துப்போயிருந்த முகத்தை ஒரு சீவல் சீவி, பெரிய கவருக்குத் தக்கபடி புதுத் துளை போட்டு வாங்கினேன். பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ரிலீஸ் பேரிங் புதுசு. கவரின் மூன்று விரல்களும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அளந்தேன். கிரீஸை ஈர்க்குச்சியால் தொட்டு வைத்தேன், பிளேட்டில் ஒரு பொட்டு பட்டுவிடக்கூடாது என்பதற்காக. பெடலில் இரண்டு விரல் அளவுக்கு வெற்று ஆட்டம் விட்டேன். இத்தனை சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வேலையில் பிசகு இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும்.

ஐந்தாம் நாள் காலையில் சோதனை. பட்டறைக்குப் பின்னால் பிரேக் இறுகிப்போன ஒரு லாரி, ஜல்லியோடு நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் தூக்குகிற சங்கிலியை எடுத்து லாரியையும் ஜோங்காவையும் பிணைத்தேன். கிருபைராஜும் டீக்கடைக் கூட்டமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மறுவீடு முடிந்து மருமகன் கிளம்பப்போகிறாரே, வழியனுப்ப வேண்டாமா என்று கிண்டல். நானே ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன்.

பழைய கிளட்சாக இருந்தால் எஞ்சின் கத்தி, வண்டி அங்கேயே நின்று கருகியிருக்கும். இப்போது ஜோங்கா முன்னால் எழும்பிப் பாய்ந்தது. சக்கரம் பூட்டிய லாரி தரையைக் கீறிக்கொண்டு இரண்டடி நகர்ந்தது. அப்புறம் டமார் என்று ஒரு சத்தம். சங்கிலியில் ஒரு வளையம் வாயைப் பிளந்து, பறந்து போய்ப் பட்டறையின் தகரச் சுவரில் அடித்தது. தகரம் உள்ளே அமுங்கிப்போனது. ஒரு ஆள் நின்றால் கழுத்து இருக்கும் உயரம். யாரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். கிருபைராஜ் விசில் அடித்தான். நானும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். சங்கிலியையே பிய்க்கிறது பார்த்தீர்களா என்று கேட்டேன். ஜெனிஷ் மட்டும் கை தட்டவில்லை. அவன் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, கியர்பாக்ஸ் இருக்கிற இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் என்னிடம் வந்தான்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி."

"கேளேம்லே."

தரையைப் பார்த்தான். "இனி வாடை வராதா?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேர் வாயைப் பிளந்து நிற்கிற நேரத்தில் இவன் காற்றை விசாரிக்கிறான்.

"ஏலே, வாடை வருமா கொண்டல் வருமான்னு போயி கடல்ல கேளு. எங்கிட்ட கிளட்ச மட்டும் கேளு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெனிஷும் கூடச் சேர்ந்து சிரித்தான், காது சிவந்துபோய். ஆனால் நகரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, இன்னும் தணிந்த குரலில் சொன்னான்: "அதுக்கில்ல அண்ணாச்சி. வாடை வரலன்னா நாங்க எப்படி…"

நான் அவனை முடிக்கவிடவில்லை. காற்று வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, காலை எடுத்தால் பிடிக்கும், அவ்வளவுதான், போலே, உங்க அம்மா தேடுவா என்று தோளில் ஒரு தட்டு தட்டினேன். சரி அண்ணாச்சி என்றான். பெடல் கனமாக இருக்கும், முதலில் இரண்டு நாள் முட்டி வலிக்கும் என்று சொல்லி அனுப்பினேன். ஜோங்கா ரோட்டில் ஏறி, பாலத்துப் பக்கமாகத் திரும்பியது. பையப் போலே என்று சும்மா ஒரு வழக்கத்துக்குக் கத்தினேன். கையைத் தூக்கிக் காட்டினான்.

பிளந்த வளையத்தைத் துடைத்து என் மேசையில் வைத்துக்கொண்டேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் அதைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். தாஜ் முகம்மது லேத்தில் கடைந்த ஒரு பித்தளைப் புஷ்ஷைக் கொடுப்பதற்காக வந்தார். மேசையில் இருந்த வளையத்தை எடுத்து அதன் கனத்தைக் கையில் பார்த்தார். இது எப்படி விரிந்தது என்றார். நான் கதையைச் சொன்னேன், ஜல்லி லாரி, கை தட்டல் எல்லாம் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கன என்னத்த வச்சு இழுக்குதாவ? சங்கிலியா?"

நைலான் கயிறு என்றேன்.

"ரப்பர் மாதிரி இழுபட்டு, விட்டா திருப்பி அடிக்குமே அது. சரி, வள்ளம் பின்னால கெடக்கு, இவன் முன்னால பாத்து ஓட்டுதான். அது மணல்ல பொதஞ்சு மாட்டிக்கிட்டா இவனுக்கு எப்படித் தெரியும்?"

அவன் அப்பா பின்னாலிருந்து கையைக் காட்டுவாராக இருக்கும் என்றேன். கடல் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது, ஓட்டுகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது என்றார் தாஜ். வளையத்தை மேசையில் வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"பழைய கிளட்சுல கவலையில்ல. மாட்டுன உடனே நழுவும். பிளேட்டு கருகுற வாடை வரும். வாடை வந்தா நிப்பாட்டிருப்பான்."

நான் அதைக் கருகல் என்றுதான் சொல்லுவேன். இருபத்திரண்டு வருஷமாக என் பட்டறையில் அதற்குக் கருகல் என்றுதான் பெயர். வாடை என்ற சொல்லைத் தாஜ் வாயிலிருந்து கேட்டதும் ஜெனிஷ் சொன்னதும் செய்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எப்பலே நிப்பாட்டுவிய, வாடை வந்தா நிப்பாட்டிருவோம் அண்ணாச்சி. பழைய பிளேட்டை மோந்து பார்த்துச் சிரித்தது. வண்டியடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. இனி வாடை வராதா. அவன் ஒரு தடவையும் காற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. வள்ளம் எங்கேயோ மாட்டிக்கொண்டது, போதும், நிறுத்து, மணலைத் தோண்டு என்று அந்த வண்டி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததே அந்த வாடையால்தான். அதை நான் அத்தனை சுத்தமாக அடைத்து அனுப்பியிருக்கிறேன்.

கிருபைராஜின் பூத்துக்கு ஓடினேன். பில் புத்தகத்தின் பின் அட்டையில் பர்னபாஸ் எழுதிக் கொடுத்திருந்த நம்பர் இருந்தது, அவர்கள் ஊர் பங்குச் சாமியார் வீட்டு நம்பர். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாலு தடவை போட்டேன். யாரும் எடுக்கவில்லை. வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம், எல்லோரும் கடற்கரையில் இருப்பார்கள் என்று கிருபைராஜ் சொன்னான். அவன் கிண்டல் செய்யவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

புல்லட்டை எடுத்தேன். தாஜ் நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன், இரண்டு பேர் ஏறினால் வேகம் குறையும் என்று. நாங்குநேரி தாண்டும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயல் புத்திசாலி. சங்கிலி தெறித்ததை அவனும் கண்ணால் பார்த்தான். பைய இழுப்பான். வள்ளியூரில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது, எனக்கு அந்த டிரைவரை இறக்கிவிட்டு நானே ஓட்டவேண்டும் போல இருந்தது. ராதாபுரம் ரோட்டில் திரும்பியதும் கச்சான் காற்று பக்கவாட்டில் வந்து அடித்தது. செம்மண் கண்ணை மறைத்தது. புதுசாக நட்டிருந்த காற்றாடிகள் வெறி பிடித்த மாதிரி சுற்றின. அணு உலை வரப்போகிறது என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பொட்டலைத் தாண்டி, பனங்காட்டுக்குள் புகுந்து, பதினோரு மணிக்குக் கடலின் சத்தம் கேட்டது. மனுஷச் சத்தம் கேட்கவில்லை. வள்ளம் ஏற்றுகிற ஊரில் அந்த நேரத்தில் அப்படி இருக்காது.

கோயில் ரோட்டில் ஜோங்கா நின்றது. பின்னால் கல் ஏற்றி, எஞ்சின் அணைத்து, யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றது. பின்பக்கத் தார்ப்பாயில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு கிழிசல். டிரைவர் சீட்டின் மேல் யாரோ ஒரு சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள். கயிறு மணலில் வளைந்து வளைந்து கடலைப் பார்த்துக் கிடந்தது. அதன் முனையில் கொக்கி இல்லை. தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரிய வள்ளம், அடிப்பாகம் மணலில் புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் அணியத்தில் வளையம் இருந்த இடத்தில் மரம் பிய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். டீசலும் உப்பும்தான் வந்தது. கருகல் துளி இல்லை.

வீட்டைக் காட்டியது ஒரு கிழவர். வாசலில் ஊரே நின்றது. உள்ளே அவனைக் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி, தலையைச் சுற்றி இன்னொரு துணி. நான் கிட்டே போகவில்லை. சுவரோரம் பர்னபாஸ் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அந்த இரும்பு வளையம் இருந்தது, அதில் மாட்டிய கொக்கியோடு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னார். வள்ளம் எப்போதும் மாட்டுகிற இடத்தில்தான் மாட்டியது. எப்போதும் அந்த இடத்தில் பயல் தானாக நிறுத்திவிடுவான். இன்றைக்கு நிறுத்தவில்லை. நாங்கள் கையைக் காட்டினோம், கத்தினோம், வண்டி இழுத்துக்கொண்டே போனது. வளையம் பிய்ந்து கயிற்றோடு பறந்து தார்ப்பாய்க்குள் போனதைப் பார்த்தேன் என்றார்.

"நான் அடிச்ச வளையம் அண்ணாச்சி. எங் கையால அடிச்சேன். இன்னும் நீளமா ஆணி போட்டிருக்கணும்."

நான் அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"உம்ம வேலைய ஒரு சொல்லு சொல்ல முடியாது," என்றார். "கிளட்சு அருமையா பிடிச்சிது."

அப்போது உள்ளேயிருந்து லூர்து மேரி எழுந்து வந்தாள். அவள் தன் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வளையத்தை அவளும் பார்த்திருப்பாள். எனக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. நான் தூரத்திலிருந்து வந்திருக்கிறேனே, தண்ணீர் குடித்தேனா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

"நேத்து சோறு உண்ணும்போது சொன்னான், அண்ணாச்சிகிட்ட ஒண்ணு கேக்கணும்மா, அடுத்தாப்புல போவும்போது கேக்கணும்னு. என்னன்னு சொல்லல." அவள் என் முகத்தையே பார்த்தாள். "அங்க இருக்கும்போதே உங்ககிட்ட கேட்டானா அண்ணாச்சி?"

"கேட்டான் அக்கா," என்றேன். "நாந்தான் கேக்கல."

பர்னபாஸ் மடியிலிருந்த வளையத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.